தீவுகளின் அப்போஸ்தலன் ஜான் வில்லியம்ஸ்

மிஷனெரி சரித்திரப் பக்கத்தில் இந்த மாதம் ஓர் இரும்புக்கடைப் பையனைப் பற்றிப் பார்க்கப்போகிறோம். இவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்ல. 1906ல் அசுசா தெருவில் எழுப்புதல் பற்றியெரிவதற்கு 67 வருஷத்துக்கு முன்பே இரத்தசாட்சியாய் மரித்துப்போனவர். ஆனாலும் இவருடைய பிரயாணங்களைப் படித்தால் அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரங்களைப் படிக்கிற மாதிரியே இருக்கும்.

முதலில் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி ஓர் உலகப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவில், மிளகைக் கைதவறிச் சிதறவிட்டதுபோல புள்ளி புள்ளியாகத் தீவுகள் தெரியும். கிழக்கே தாகித்தி, ராயதேயா. அங்கிருந்து தென்மேற்கே ராரதோங்கா, ஆயிரம் கிலோமீட்டர். ராரதோங்காவிலிருந்து மேற்கே தோங்கா, 1,600 கிலோமீட்டர். வடமேற்கே சமோவா, 1,500 கிலோமீட்டர். இன்னும் மேற்கே போனால் பிஜி, அதற்கப்பால் வனுவாட்டு. படத்தில் விரல் வைத்தால் ஒரே விரலில் இரண்டு மூன்று தீவு மறைந்துவிடும். ஆனால் நடுவில் இருப்பதெல்லாம் தண்ணீர். இன்றைக்கு விமானத்தில் போகிறவர்களே ஒரு தீவிலிருந்து பக்கத்துத் தீவுக்குப் போகப் பலநேரம் நியூசிலாந்து வரைக்கும் போய்த் திரும்பவேண்டியிருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னே அங்கே ஊழியம் செய்தவன் எப்படிப் போவான்? திமிங்கல வேட்டைக் கப்பல் ஏதாவது அந்த வழியாய் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எந்தத் தீவுக்கு முதலில் போவது, அடுத்தது எது, யாரை எங்கே இறக்கிவிடுவது, எந்தக் காற்றில் திரும்புவது என்று உட்கார்ந்து திட்டம் போட்டு, அதற்காகவே ஜீவனைக் கொடுத்தவர்தான் ஜான் வில்லியம்ஸ்.

1796ஆம் வருஷம் ஜூன் மாதம் லண்டனுக்கு அருகே டோட்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். தாயார் ஜெபிக்கிற ஸ்திரீ. 14 வயதில் ஓர் இரும்புக்கடையில் தொழில் பழக விட்டார்கள். ஒப்பந்தப்படி அவர் கற்கவேண்டியது வியாபாரம் மட்டுமே, பட்டறையில் கைவைக்க வேண்டியதில்லை. ஆனால் பையன் சும்மா இருக்கவில்லை. வேலையாட்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் உலைக்களத்தில் போய் நின்று இரும்பைக் காய்ச்சி அடித்துப் பார்ப்பான். கொஞ்ச நாளில் நுட்பமான வேலை வந்தால் முதலாளியே இந்தப் பையனைக் கூப்பிடும் அளவுக்கு ஆகிவிட்டது. கர்த்தர் ஒருவனை எங்கே ஆயத்தப்படுத்துகிறார் பாருங்க! அந்தப் பட்டறைதான் இவருக்கு முதல் வேதாகமக் கல்லூரி என்று நான் சொல்லுவேன்.

தாயாரின் பக்தி மகனுக்கு ஒட்டவில்லை. வாலிபக் கூட்டாளிகளோடு சேர்ந்து மதுக்கடைக்குப் போகிற பழக்கம் வந்தது. 1814 ஜனவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம், கூட்டாளிகளுக்காகத் தெருவில் காத்துக்கொண்டு நின்றார். அவர்கள் நேரத்துக்கு வரவில்லை. அந்த வழியாய் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்த முதலாளியின் மனைவி திருமதி டோங்கின் அம்மாள், நின்று என்ன ஏது என்று விசாரித்து, தன்னோடு ஆலயத்துக்கு வரும்படி வருந்தி அழைத்தார். கூட்டாளிகள் ஏமாற்றிய எரிச்சலில்தான் பையன் கூடப் போனான். அன்று பிரசங்கித்தவர் திமொத்தேயு ஈஸ்ட் என்ற போதகர். உலகத்தையெல்லாம் சம்பாதித்தும் ஜீவனை இழந்துபோகிறவனுக்கு என்ன லாபம் என்று ஆண்டவர் கேட்ட கேள்விதான் செய்தி. அன்றிரவே அந்த வாலிபன் உடைந்துபோனான். பத்து நிமிஷம் தாமதித்த அந்தக் கூட்டாளிகள் யாரென்று சரித்திரத்தில் பெயர்கூட இல்லை!

இரண்டே வருஷத்தில் லண்டன் மிஷனெரி சங்கத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். 1816 செப்டம்பரில் அபிஷேகம். அதே ஆராதனையில் பிரதிஷ்டை பண்ணப்பட்ட இன்னொரு வாலிபர், பிற்பாடு ஆப்பிரிக்காவுக்குப் போன இராபர்ட் மொபாட். அக்டோபரில் மேரி சானர் என்ற சகோதரியோடு விவாகம், நவம்பரில் கப்பல். வில்லியம்சுக்கு அப்போது வயது 20. கடலிலும் துறைமுகங்களிலுமாக ஒரு வருஷம் கழித்து, 1817 நவம்பரில் தாகித்திக்குப் பக்கத்தில் எய்மேயோ தீவில் இறங்கினார்கள். அந்தத் தீவுக்கு இப்போது மோரேயா என்று பெயர். அங்கே மிஷனெரிமார் ஒரு கப்பலைக் கட்டத் தொடங்கி இரும்பு வேலை தெரிந்தவன் இல்லாமல் பாதியில் போட்டு வைத்திருந்தார்கள். வந்து இறங்கிய புது மிஷனெரி பெட்டியைத் திறப்பதற்கு முன்னே சுத்தியலை எடுத்தார். சில வாரத்தில் கப்பல் தண்ணீரில் இறங்கியது.

அடுத்த வருஷம் ராயதேயா தீவின் தலைவன் தமதோவா அழைத்ததால் அங்கே போய்ச் சேர்ந்தார். பாஷையைச் சீக்கிரமாய்ப் பிடித்துக்கொண்டார். வீடு கட்டினார், ஆலயம் கட்டினார், பள்ளிக்கூடம் நடத்தினார். இங்கிலீஷ்காரர் பாணியில் உடை, நாற்காலி, சாந்து பூசிய வீடு எல்லாம் அந்த ஜனங்களுக்குப் பழக்கினார். அதில் எவ்வளவு சுவிசேஷம், எவ்வளவு லண்டன் என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான், அது இருக்கட்டும். ஆனால் ஒரே தீவில் உட்கார்ந்திருப்பது அவருக்கு முள்ளாய்க் குத்தியது. ஒரு பவளப் பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கத் தன்னால் ஆகாது, தனக்கு ஒரு கப்பல் வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

எப்படிப் போவது என்கிற வழியைக் கர்த்தர் 1821ல் காட்டினார். ருருத்து என்ற தூரத் தீவில் கொள்ளைநோய் வந்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவுரா என்ற தலைவன் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு படகேறித் தப்பினான். அலைந்து திரிந்து கடைசியில் ராயதேயாவில் வந்து ஒதுங்கினான். விக்கிரகம் இல்லாத ஜனத்தை முதன்முதலாகப் பார்த்தான், வசனம் கேட்டான், விசுவாசித்தான். தன் தீவுக்குத் திரும்பிப்போக வேண்டும், ஆனால் வெறுங்கையாய்ப் போகமாட்டேன், போதிக்கிறவர்களைக் கூட அனுப்புங்கள் என்று நின்றான். ராயதேயா சபை மகாமேனே, புனா என்ற இரண்டு உதவிக்காரரைப் பிரித்தெடுத்து அனுப்பியது. ஒரு மாதம் சுமார் கழித்துப் படகு திரும்பி வந்தது. படகு நிறைய ருருத்துவின் விக்கிரகங்கள்! அதில் ஒன்றின் முதுகைத் திறந்தால் உள்ளே 24 சின்ன விக்கிரகங்கள் இருந்தன. அந்தச் சிலை இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வெள்ளைக்கார மிஷனெரி ஒருவர்கூடக் கால் வைக்காமலே ஒரு தீவு விக்கிரகத்தை விட்டுவிட்டது.

இதிலிருந்து வில்லியம்சுக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டது. ஒரு தீவில் இரட்சிக்கப்பட்டவனே அடுத்த தீவுக்கு வாசல். பாஷை கிட்டத்தட்ட ஒன்று, சாப்பாடு ஒன்று, நிறம் ஒன்று. கப்பல் வேண்டியது மிஷனெரி தங்குவதற்கு அல்ல, இவர்களைக் கொண்டுபோய் விடுவதற்கு.

அதே வருஷம் உடல்நலத்துக்காக சிட்னிக்குப் போகவேண்டி வந்தது. போகிற வழியிலும் சும்மா போகவில்லை. வழியில் இருந்த ஐதுதாக்கி தீவில் பாபேயிகா, வகபாத்தா என்ற இரண்டு ராயதேயா விசுவாசிகளை இறக்கிவிட்டுப் போனார். சிட்னியில் தன் சொந்தப் பணத்தையும் போட்டு எண்டெவர் என்ற சின்னக் கப்பலை வாங்கினார். தீவாரின் விளைபொருளை ஏற்றிப்போய் விற்றால் கப்பல் செலவு தானே வந்துவிடும் என்பது கணக்கு.

1823 ஜூலையில் அந்தக் கப்பலில் போர்ன் என்ற உடன் ஊழியரோடு கிளம்பினார். ஐதுதாக்கிக்கு வந்தால், இரண்டு வருஷத்துக்குள் அந்தத் தீவு முழுவதும் மனந்திரும்பியிருந்தது. அங்கே ராரதோங்கா என்ற தீவின் ஜனங்கள் சிலர் இருந்தார்கள். பாபேயிகா மூலம் விசுவாசிகளானவர்கள். தங்கள் தீவுக்குக் கொண்டுபோய் விடும்படி கெஞ்சினார்கள். ஆனால் ராரதோங்கா எங்கே இருக்கிறது? மிஷனெரி கையிலிருந்த எந்தப் படத்திலும் அது இல்லை. இந்தப் பக்கம் என்று ஒருவர், அந்தப் பக்கம் என்று ஒருவர். பல நாள் தேடியும் கிடைக்கவில்லை. சரி என்று விட்டுவிட்டு மங்கையாவுக்குப் போனார்கள். அங்கே இறங்கிய உபதேசிகளை ஜனங்கள் பொருளைப் பிடுங்கி அடித்துத் துரத்தினார்கள். பிறகு அத்தியூவுக்கு வந்தார்கள்.

அத்தியூவின் தலைவன் ரோங்கோமதானே கப்பலுக்கே வந்தான். ஒரே மரத்தில் ஒரு துண்டை அடுப்பில் வைத்துச் சமைத்து, மறு துண்டை விக்கிரகமாக்கிக் கும்பிடுகிறதைப் பற்றி ஏசாயா தீர்க்கன் சொன்னதை வில்லியம்ஸ் விளக்கிச் சொன்னார். அந்த மனுஷனுக்கு அது இடிபோல் விழுந்தது. இரவெல்லாம் தூங்காமல் எழுந்து எழுந்து தன் முட்டாள்தனத்தை நினைத்துப் புலம்பினான். அவனுக்குக் கீழே மவுக்கே, மித்தியாரோ என்ற இரண்டு தீவுகள் இருந்தன. தானே கப்பலில் கூட வந்து அந்த இரண்டு தீவிலும் விக்கிரகங்களை அழிக்கக் கட்டளை கொடுத்து, உபதேசிகளை இறக்கவும் உதவினான். பார்த்தீங்களா, மூன்று தீவுக்கு ஒரே வாசல்!

ராரதோங்காவுக்கு வழி காட்டினவனும் அவனே. அந்தக் காலத்துத் தீவு மாலுமிகளுக்குப் படமும் இல்லை, திசைகாட்டியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தூரத் தீவுக்கும் கரையில் ஒரு புறப்படும் இடம் குறித்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து கிளம்பி, பின்னால் தெரியும் கரை அடையாளங்கள் ஒன்றோடொன்று நேராய் வரும்படி படகைத் திருப்பினால் அதுதான் திசை. இருட்டின பிறகு நட்சத்திரம் பார்த்துக்கொள்ளுவார்கள். வில்லியம்ஸ் கப்பலை அத்தியூவின் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அடையாளங்கள் நேராய் வந்ததும் தன் திசைகாட்டியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கல்வியறிவு இல்லாதவர்கள் என்று உலகம் சொன்ன ஜனங்களிடம் மிஷனெரி சீஷனாய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட இடம் இது. எனக்கு இந்த சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

அப்படியும் சோதனை தீரவில்லை. எதிர்க்காற்று. நாட்கள் ஓடின, சாப்பாடு தீரும் நிலைமை. ஒரு நாள் காலையில் கப்பல்காரர் வந்து, எட்டு மணிக்குள் கரை தெரியாவிட்டால் தேடுதலை விட்டுத் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் பட்டினியால் சாவோம் என்று சொல்லிவிட்டார். வில்லியம்ஸ் ஒப்புக்கொண்டார். ஒரு தீவுக்காரரைப் பாய்மரத்தில் ஏறச் சொன்னார். நாலுதரம் ஏறி இறங்கினார், ஒன்றும் இல்லை. எலியாவின் ஊழியக்காரன் கர்மேல் மலையில் ஏறி ஏறிப் பார்த்தது ஞாபகம் வருகிறதல்லவா? ஐந்தாம் தரம் ஏறினபோது மணி ஏழரை. மேகம் விலகியது, மலையின் உச்சி தெரிந்தது. மீதி இருந்தது அரை மணி நேரம்!

ஆனால் கரையில் முதல் ராத்திரியே ஆபத்து. இறங்கிய உபதேசிகளின் மனைவிமாரை ஒரு தலைவன் இழுத்துப்போகப் பார்த்தான். விடிந்ததும் கிழிந்த வஸ்திரங்களோடு அழுதுகொண்டு கப்பலுக்குத் திரும்பினார்கள். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று எல்லாரும் தீர்மானித்தபோது பாபேயிகா முன்வந்தார். தான் தனியாக இருப்பதாகவும், ராயதேயாவிலிருந்து தன் சிநேகிதன் திபேரியோவைப் பிறகு அனுப்பினால் போதும் என்றும் சொல்லிவிட்டு, உடுத்தின துணியோடு, வேதப் புத்தகங்களைத் துணியில் முடிந்து தலையில் கட்டிக்கொண்டு கரைக்குப் போனார். கப்பல் போய்விட்டது. யோசித்துப் பாருங்க. கப்பலில் போகிறவருடைய பெயரைத்தான் நாம் புத்தகத்தில் படிக்கிறோம்; கரையில் நின்று கப்பல் மறைகிறதைப் பார்த்தவர் பாபேயிகா. திபேரியோ வந்து சேர நாலு மாதம் ஆயிற்று. சில வருஷத்துக்குள் அந்தத் தீவு ஜனங்கள் விக்கிரகங்களை விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு ஆசீர்வாதத்துக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? கப்பல் போய்விட்டது! சிட்னியில் புது வரி விதித்ததால் விளைபொருளில் நஷ்டம். லண்டனிலிருந்த சங்கத்து இயக்குநர்கள், மிஷனெரிக்கு எதற்கு வியாபாரமும் கப்பலும் என்று கடிந்துகொண்டு எழுதினார்கள். கப்பலை விற்கவேண்டியதாயிற்று. வில்லியம்சுக்கு அது பெரிய மனமடிவு. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் இயக்குநர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வரைபடத்தைப் பார்த்தால் வில்லியம்ஸ் சொன்னதுதான் நியாயம்.

வீட்டிலும் ஒரு தடை. அடுத்து சமோவாவுக்குப் போகவேண்டும் என்று மனைவியிடம் சொன்னபோது அந்தச் சகோதரி சம்மதிக்கவில்லை. அவ்வளவு தூரம், மாதக்கணக்கில் பிரிவு, கையில் சின்னப் பிள்ளைகள், கொலைபாதகர் என்று பேரெடுத்த ஜனங்கள். யார்தான் சம்மதிப்பார்கள்? வில்லியம்ஸ் வற்புறுத்தாமல் பேச்சை விட்டுவிட்டார். பல மாதம் கழித்து மேரி அம்மாள் சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தார். எழுந்து உட்கார்ந்ததும் கணவரைக் கூப்பிட்டு, தானே போய்வரச் சொன்னார். தன் மறுப்பினால்தான் அந்த வியாதி வந்தது என்று அந்த அம்மாள் நினைத்தார். அது அவருடைய விசுவாசம். அதை வைத்து வியாதிப்பட்டிருக்கிற எந்தச் சகோதரியையும் நாம் நியாயந்தீர்க்கக்கூடாது. அந்தத் தம்பதிகளுக்குப் பிறந்த பத்துக் குழந்தைகளில் வளர்ந்தது மூன்றுபேர்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

1827ல் ராரதோங்காவில் புது மிஷனெரியை நிலைநிறுத்த வந்த வில்லியம்ஸ், திரும்பிப்போகக் கப்பல் வராமல் மாதக்கணக்கில் அகப்பட்டுக்கொண்டார். வரவில்லையா, நாமே கட்டுவோம் என்று தொடங்கிவிட்டார். அறுக்க வாள் இல்லை. மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து வாய்ச்சியால் செதுக்கினார்கள். உலைக்குத் துருத்தி வேண்டும். தீவில் இருந்ததே நாலு ஆடு, அதில் மூன்றைக் கொன்று தோலால் துருத்தி செய்தார். காலையில் பார்த்தால் தோலைக் காணோம், இரவே எலிகள் தின்றுவிட்டன! ராரதோங்காவில் அப்போது எலிகள் அவ்வளவு பெருத்திருந்தன. அப்புறம் மரப்பெட்டியாலே ஒரு துருத்தி செய்தார். இரும்பு கொஞ்சம்தான், ஆகவே மரத்தாலேயே ஆணி. பலகை இடுக்கை அடைக்கத் தேங்காய் நாரும் வாழைத்தண்டும். கயிறு மரப்பட்டையில். பாய் தூங்குகிற பாயைத் தைத்தது. நங்கூரத்துக்கு மரமும் கல்லும். சுக்கானை மாட்டும் இரும்புக்கு ஒரு கடப்பாறைக் கோடாலி, ஒரு வாய்ச்சி, ஒரு பெரிய மண்வெட்டி இவைகளையே உருக்கி அடித்தார். 60 அடி நீளம், 18 அடி அகலம். சுமார் 15 வாரத்தில் முடிந்தது!

அந்த நாட்களில் ஒரு சம்பவம். ஒரு நாள் மூலைமட்டத்தை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தார். ஒரு மரச்சிராயில் கரியால் மனைவிக்கு இரண்டு வார்த்தை எழுதி அங்கிருந்த ஒரு தலைவனிடம் கொடுத்து அனுப்பினார். இதை நீட்டினால் என்ன சொல்லுவது என்று அவன் கேட்டான். நீ ஒன்றும் சொல்லவேண்டாம், சிராயே சொல்லும் என்றார். மேரி அம்மாள் பார்த்ததும் மூலைமட்டத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். வாயில்லாத மரச்சிராய் பேசுகிறதே என்று அந்த மனுஷன் ஊரெல்லாம் ஓடிச் சொல்லி, அந்தச் சிராயைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டானாம். எழுத்து என்றால் என்ன என்று அறியாத அதே ஜனத்தின் பாஷையில் 1836ல் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது!

கப்பலுக்கு மெசஞ்சர் ஆஃப் பீஸ், அதாவது சமாதானத் தூதன் என்று பேர் வைத்தார். முதலில் கிளம்பிக் கொஞ்சத் தூரம் போவதற்குள் முன்பாய்மரம் முறிந்தது. திரும்பி வந்து சரிசெய்து ஐதுதாக்கி வரை போய் வந்தார்கள். அங்கிருந்து ஏற்றிவந்த சரக்கு: பன்றிகள், தேங்காய்கள், பூனைகள். பூனை எதற்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை!

இந்தக் கப்பலில்தான் 1830 மே மாதம் பார்ஃப் என்ற ஊழியரோடு சமோவாவுக்குப் புறப்பட்டார். இங்கே அவர் போட்ட வழியைக் கவனியுங்க. அந்தச் சமுத்திரத்தில் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து காற்று அடிக்கும். ஆகவே மேற்கே போவது சுலபம், திரும்புவதுதான் பாடு. இடையிடையே மேற்குக் காற்றும் வீசும், அதற்குக் காத்திருந்தால் திரும்பலாம் என்பதை அவர் அனுபவத்தில் கண்டு எழுதிவைத்தார். ராயதேயாவிலிருந்து நேரே சமோவா 2,200 கிலோமீட்டர். அவர் நேரே போகவில்லை. மங்கையா, ராரதோங்கா, ஐதுதாக்கி என்று பழைய சபைகளை விசாரித்து, உபதேசிகளைச் சேர்த்துக்கொண்டு, நியூவே தீவில் இறங்கப் பார்த்து முடியாமல் போய், தோங்காவை அடைந்தார். ஒரே பிரயாணத்தில் பழைய சபைக்குப் பராமரிப்பும் ஆயிற்று, புது ஊழியத்துக்கு ஆளும் சேர்ந்தது. பவுலும் பர்னபாவும் போன வழியாகவே திரும்பி வந்து சீஷரைத் திடப்படுத்தின மாதிரி.

தோங்காவில் வெஸ்லியன் சபை மிஷனெரிமார் இருந்தார்கள். ஒருவர் வயலில் ஒருவர் கால் வைக்காதபடி பேசிக்கொண்டார்கள்: தோங்காவும் பிஜியும் அவர்களுக்கு, சமோவா இவர்களுக்கு. ஒரே தெருவில் இரண்டு சபைப் பலகை மாட்டுகிற நாம் இதை வாசித்துக் கொஞ்சம் யோசிக்கலாம். பிற்பாடு அந்த ஒப்பந்தத்திலும் சச்சரவு வந்தது, அதையும் மறைக்கவேண்டியதில்லை.

தோங்காவிலேயே ஃபவேயா என்ற சமோவாத் தலைவன் கிடைத்தான். வெகு வருஷமாய்ச் சொந்தத் தீவை விட்டு வந்தவன், ஊருக்குத் திரும்பக் கப்பல் தேடிக்கொண்டிருந்தான். வழியில் புயல் பாய்களைக் கிழித்தது, கப்பலில் எல்லாருக்கும் விஷக்காய்ச்சல். ஃபவேயா ஒரு விஷயத்துக்குப் பயந்துகொண்டே வந்தான். அங்கே தமஃபைங்கா என்று ஒரு கொடியவன், தன்னையே தெய்வமாக்கிக்கொண்டவன், அவன் விடமாட்டான் என்று. ஆகஸ்டில் சவாயி தீவை நெருங்கினபோது படகில் வந்தவர்கள் சொன்னார்கள்: அவன் செத்துச் சில நாள்தான் ஆகிறது! ஃபவேயா கப்பல் தளத்திலேயே குதித்து ஆடினான். பல மாதம் முந்தி வந்திருந்தால் எதிரி உயிரோடிருந்திருப்பான். இன்னும் பிந்தியிருந்தால் வேறொருவன் அவன் இடத்துக்கு வந்திருக்கலாம். புயலும் காய்ச்சலும் தாமதமும் வேறு விதமாய்த் தெரிகிறதல்லவா! பெரிய தலைவன் மாலியேத்தோவா வரவேற்றான். எட்டு உபதேசிகளை அங்கே விட்டுவிட்டு வந்தார்கள்.

கப்பல் கொண்டுவந்தது சுவிசேஷத்தை மட்டுமல்ல, நோயையும்தான். அந்த வருஷம் ராரதோங்காவில் ஒரு கொள்ளைநோயில் திரளானவர்கள் மடிந்தார்கள். இந்த ஜனங்களுக்கு அந்நிய நாட்டு வியாதிகளைத் தாங்கும் சக்தி இல்லை. மிஷனெரி சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுவது சரியல்ல. 1831 டிசம்பரில் பெரும்புயல் அடித்து ராரதோங்காவில் ஆலயம், வீடுகள் எல்லாம் தரைமட்டம். கப்பலை அலை தூக்கிக்கொண்டுபோய்க் கரைக்கு உள்ளே ஒரு சதுப்பு நிலத்தில் மரங்களுக்கு நடுவே போட்டது. அந்த நாட்களில் மேரி அம்மாளுக்குப் பிறந்த குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. குழந்தையைப் புதைத்துவிட்டு, ஜனங்களைக் கூட்டி, நெம்புகோல் வைத்து அடியில் கல் அடுக்கி, கப்பலைத் திரும்பக் கடலுக்கு உருட்டினார் வில்லியம்ஸ். 1832ல் அதே கப்பலில் மறுபடியும் சமோவாவுக்குப் போனார். உபதேசிகள் விட்ட இடத்தில் சபைகள் நின்றன.

1834ல் இங்கிலாந்துக்குத் திரும்பி நாலு வருஷம் ஊர் ஊராய்ப் பேசினார். 1837ல் அவர் எழுதிய புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது. அன்று கப்பல் வேண்டாம் என்று எழுதின அதே தேசம் இப்போது கப்பலுக்குக் காணிக்கை கொடுத்தது. லண்டன் மாநகரசபையே 500 பவுன் கொடுத்தது. கேம்டன் என்ற கப்பலை வாங்கி, ராரதோங்கா பாஷையில் அச்சான 5,000 புதிய ஏற்பாடுகளை ஏற்றிக்கொண்டு 1838 ஏப்ரலில் புறப்பட்டார். குடும்பத்தைச் சமோவாவில் குடியேற்றினார்.

இப்போது பார்வை இன்னும் மேற்கே, அன்று நியூ ஹெப்ரிடீஸ் என்று சொல்லப்பட்ட வனுவாட்டுத் தீவுகள் மேல். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. இதுவரை போன தீவுகளெல்லாம் ஒரே குடும்பத்துப் பாஷை. அங்கே தீவுக்கு ஒரு பாஷை, ஒரே தீவில் நாலைந்து பாஷை. வாசல் திறக்க ஒரு அவுராவும் இல்லை, ஃபவேயாவும் இல்லை. அதைவிட மோசம், அவருக்கு முன்னே வேறு கப்பல்கள் போயிருந்தன. எரோமாங்கா தீவில் சந்தனமரம் இருக்கிறதென்று 1825ல் தெரிந்ததும் வியாபாரிகள் துப்பாக்கியோடு வந்து ஜனங்களைக் கொன்று குவித்து மரத்தை வெட்டிப்போனார்கள்.

1839 நவம்பர் 3ஆம் தேதி சமோவாவில் பிரியாவிடை ஆராதனை. பவுல் எபேசு சபை மூப்பரிடம் கண்ணீரோடு விடைபெற்ற பகுதியிலிருந்து பேசினார், ஜனங்களும் அழுதார்கள். பிறகு கேம்டன் ரோத்துமாவில் நின்று, தன்னா தீவில் மூன்று சமோவா உபதேசிகளை இறக்கியது. தன்னா ஜனங்கள் அன்பாய் ஏற்றுக்கொண்டதில் எல்லாருக்கும் சந்தோஷம்.

நவம்பர் 20 காலை, எரோமாங்காவில் டில்லன் குடா. வில்லியம்ஸ், ஹாரிஸ் என்ற வாலிபர், கன்னிங்காம், கேப்டன் மோர்கன் படகில் கரைக்குப் போனார்கள். துணி கொடுத்தார்கள், ஒருவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கரையில் ஆண்கள் மட்டுமே, ஸ்திரீகள் ஒருவரும் இல்லை. சண்டைக்கு ஆயத்தமாகும்போதுதான் ஸ்திரீகளை ஒளித்துவைப்பார்கள். ஹாரிஸ் கொஞ்சம் உள்ளே நடந்தார், வில்லியம்ஸ் பின்னால் போனார். திடீரென்று கூச்சல். ஹாரிஸ் ஓடிவந்து விழுந்தார். வில்லியம்ஸ் கடலை நோக்கி ஓடினார். கற்கள் நிறைந்த செங்குத்தான கரை. தண்ணீருக்குள் தடுக்கி விழுந்தார். தடியால் அடித்தார்கள். படகில் இருந்தவர்கள் கண்முன்னே நடந்தது, அவர்களால் நெருங்க முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 43. சமோவாவில் மேரி அம்மாளும் பிள்ளைகளும் கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடித்தவர்களுக்கு வில்லியம்ஸ் யாரென்று தெரியாது. வெள்ளைக்காரன், கப்பல், மறுபடியும் சந்தனமரத்துக்கு வந்துவிட்டான், அவ்வளவே. 1840ல் ஒரு போர்க்கப்பல் போய் மீதியிருந்த எலும்புகளை வாங்கிவந்து சமோவாவில் ஆப்பியாவில் அடக்கம்பண்ணினார்கள். அதே வருஷம் கேம்டன் கப்பல் எரோமாங்காவுக்கே திரும்பப் போயிற்று, சமோவா உபதேசிகளை ஏற்றிக்கொண்டு. வில்லியம்ஸ் செத்த இடம் என்று தெரிந்தே அவர்கள் இறங்கினார்கள். பசியும் வியாதியும் பகையும் தாங்கமுடியாமல் அடுத்த வருஷம் அவர்களைத் திரும்ப எடுக்கவேண்டியதாயிற்று. 1861ல் அங்கே கார்டன் என்ற மிஷனெரியும் மனைவியும் கொல்லப்பட்டார்கள். 1872ல் அவர் தம்பியும். அதற்குப் பிறகுதான் அந்தத் தீவில் சபை வேரூன்றியது. இதற்கிடையே இங்கிலாந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்து 6,000 பவுனுக்குமேல் கொடுத்து, 1844ல் ஜான் வில்லியம்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கப்பல் மிதந்தது. அதன் முதல் கேப்டன், எரோமாங்காவில் படகில் தப்பின அதே மோர்கன்.

2009ல் வில்லியம்சின் சந்ததியார் எரோமாங்காவுக்குப் போனார்கள். கொன்றவர்களின் சந்ததியார், இப்போது கிறிஸ்தவர்கள், கரையில் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். இரண்டு குடும்பமும் ஒப்புரவானார்கள். டில்லன் குடாவுக்கு அன்று வில்லியம்ஸ் குடா என்று பெயர் மாற்றினார்கள்.